விசையுந்துக் காற்றுமறைப்பு

விசையுந்துக் காற்றுமறைப்பு என்பது மோட்டார் சைக்கிளின் முன்பகுதியில் பொருத்தப்பட்டு, எதிர்வரும் காற்றை ஓட்டுநரின் உடலிலிருந்து விலக்கிவிடும் மேலுறை ஆகும். இது பேச்சு வழக்கில் ஃபேரிங் எனப்படுகிறது. அதன் ஒளிபுகும் மேற்பகுதி விண்ட்ஷீல்டு என்றும், சிறியதாயின் வைசர் என்றும் அழைக்கப்படும். சில விசையுந்துகள் ஆலையிலிருந்தே காற்றுமறைப்புடன் வெளிவருகின்றன. அது இல்லாத வண்டிகளுக்கு, பிற நிறுவனங்கள் தனியே செய்து விற்பதை உரிமையாளர் பின்னர் வாங்கிப் பொருத்திக்கொள்வது உண்டு. இவ்வாறு பின்னர் பொருத்தப்படும் காற்றுமறைப்பை நெடுந்தொலைவுப் பயணத்துக்காகத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெரிய மறைப்பே சிறந்த மறைப்பு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி மட்டுமே உண்மை. எதிர்க்காற்றைத் தடுக்கும் அதே பரப்பு, காற்று பக்கவாட்டில் வீசும்போது பாய்மரம் போல அதை ஏந்திக்கொள்கிறது. எனவே எந்த மறைப்பு நல்லது என்பது வண்டியைப் போலவே அது ஓடும் சாலையையும் பொறுத்தது. இராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூரிலிருந்து பாம்பன் வழியாக இராமேசுவரம் செல்லும் வழியில் சமவெளி, கடற்காற்று, கடும் வெயில், உப்பு ஆகிய நான்கும் சேர்ந்திருப்பதால், அவ்வழி இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

காற்றுத்தடையும் வேகமும்

ஓடும் வண்டியின் மீது காற்று செலுத்தும் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அவ்விசையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்றும், நிமிர்ந்து அமர்ந்த ஓட்டுநருடன் வண்டியின் இழுவைப் பரப்பு 0.65 சதுர மீட்டர் என்றும் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிர்விசை சுமார் 108 நியூட்டன் ஆகும், 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 300 நியூட்டனாக, அதாவது ஏறத்தாழ 30 கிலோகிராம் எடைக்கு நிகராக உயர்கிறது. தேவையான திறனோ 1.8 கிலோவாட்டிலிருந்து 8.4 கிலோவாட்டாக, நான்கரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த இராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350 விசையுந்தின் பொறி தரும் உச்சத் திறன் சுமார் 20 குதிரைத்திறன். அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது.

இந்த விசையின் கணிசமான பங்கை ஓட்டுநரின் மார்பும் தோளும் தலையும் தாங்குகின்றன. உள்ளூருக்குள் 50 கி.மீ. வேகத்தில் செல்பவர் இதை உணரமாட்டார். முதுகுளத்தூரிலிருந்து சென்னைக்கு 500 கி.மீ.க்கு மேல் ஒரே நாளில் செல்பவருக்கு மாலையில் கழுத்தும் மணிக்கட்டும் வலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். காற்றுமறைப்பின் முதல் பயன் இந்தக் களைப்பைக் குறைப்பதே. எரிபொருள் சேமிப்பைப் பலரும் எதிர்பார்க்கின்றனர். ஆனால் நிமிர்ந்து நிற்கும் அகன்ற தகடு முன்பரப்பைக் கூட்டுவதால், எரிபொருள் செலவு குறையாமல் போவதும், சில வேளைகளில் கூடுவதும் உண்டு. உண்மையில் எரிபொருளைச் சேமிப்பது வண்டியை முழுவதும் தழுவி, வால்பகுதி வரை ஒழுங்காகக் குவியும் வடிவமே.

வரலாறு

1950ஆம் ஆண்டு இத்தாலியின் மோட்டோ குட்ஸி நிறுவனம் மாண்டெல்லோ தெல் லாரியோ என்னும் ஊரிலுள்ள தன் ஆலையில், முழு அளவு விசையுந்தை ஓட்டுநருடன் வைத்துச் சோதிக்கத்தக்க காற்றுச் சுரங்கத்தை அமைத்தது. அக்காலப் பந்தய வண்டிகள் முன்சக்கரத்தையும் மூடும் பெரிய உறைகளுடன் ஓடின. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தது போன்ற தோற்றத்தால் அவை டஸ்ட்பின் ஃபேரிங் எனப்பட்டன. நேர்ப்பாதையில் இவை மிகுந்த வேகம் தந்தன. ஆயினும் பக்கக் காற்றில் வண்டியின் மூக்கைத் திருப்பிவிட்டன. பன்னாட்டு விசையுந்துக் கூட்டமைப்பு 1957ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்துடன் இவற்றைத் தடை செய்தது. காற்றுமறைப்பின் நன்மையும் தீமையும் ஒரே பரப்பிலிருந்து பிறப்பவை என்பதற்கு இத்தடையே பழைய சான்று.

சாலை வண்டிகளுக்கான மறைப்பைப் பரவலாக்கியதில் தனி உற்பத்தியாளர்களின் பங்கு பெரிது. அமெரிக்காவின் கிரெய்க் வெட்டர் 1971இல் வெளியிட்ட விண்ட்ஜாமர் என்னும் மறைப்பு பல நிறுவனங்களின் வண்டிகளிலும் பொருத்தக்கூடியதாக இருந்தது. 1975இல் வந்த ஹோண்டா கோல்டு விங் மறைப்பின்றியே விற்கப்பட்டது. உரிமையாளர்கள் விண்ட்ஜாமரை வாங்கி மாட்டினர். 1980இல் ஹோண்டா தானே மறைப்புடன் கூடிய கோல்டு விங் இன்டர்ஸ்டேட் வகையை வெளியிட்டது. ஐரோப்பாவில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1976இல் பினின்ஃபாரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வடிவமைத்த முழு மறைப்புடன் ஆர் 100 ஆர்.எஸ். வண்டியைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 1955இல் சென்னையில் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையில் புல்லட்டைத் தயாரித்த என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தின் வண்டிகள் நெடுங்காலம் மறைப்பின்றியே ஓடின. ஆலையில் பொருத்திய மறைப்பைப் பொதுமக்கள் பரவலாகக் கண்டது 2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2007இல் வந்த பஜாஜ் பல்சர் 220, 2008இல் வந்த யமஹா ஆர்15 ஆகியவற்றில்தான். இவை விரைவுத் தோற்றத்தை முன்னிறுத்தியவை. பயணத்தை நோக்கமாகக் கொண்ட உயர்ந்த தகடு, 2016இல் வெளிவந்த இராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனுக்குப் பின்னரே இளைஞரிடையே பரவியது எனலாம்.

வகைகள்

மிகச் சிறியது முகப்பு விளக்குக்கு மேல் எழும் கையகலத் தகடு. இது காற்றை மார்புக்கு மேலாக ஏற்றிவிடுகிறது. தலைக்கு எதுவும் செய்வதில்லை. அடுத்தது, ஒளிபுகும் பெரிய தகடு மட்டும் கொண்டது. காவல்துறைப் புல்லட்டுகளில் காணப்படுவது இதுவே. மூன்றாவது, முகப்பு விளக்கையும் சேர்த்து மூடி, கைகளுக்கும் ஓரளவு மறைப்புத் தரும் அரை மறைப்பு. நான்காவது, பொறியின் இருபுறமும் கீழிறங்கும் முழு மறைப்பு. இவற்றுள் முழு மறைப்பைப் பின்னர் பொருத்துவது பயண வண்டிக்குப் பெரும்பாலும் ஏற்றதன்று. காரணம் வெப்பம் என்ற பகுதியில் தரப்பட்டுள்ளது.

உயரமும் கொந்தளிப்பும்

தகட்டின் மேல் விளிம்பை விட்டு நீங்கும் காற்று ஒழுங்கான ஓட்டமாகச் செல்வதில்லை. விளிம்புக்கு மேலே விரைந்த காற்றும் கீழே ஏறக்குறைய அசைவற்ற காற்றும் இருப்பதால், இரண்டும் உரசும் எல்லையில் சுழல்கள் தோன்றிப் பின்னோக்கிப் பரவுகின்றன. இந்தக் கொந்தளிப்புப் பட்டை தலைக்கவசத்தில் எங்கே மோதுகிறது என்பதே தகட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தோளுக்குக் கீழே மோதினால் இடையூறு குறைவு. தலைக்கவசத்துக்கு மேலாகச் சென்றால் முழு அமைதி. தலைக்கவசத்தின் நடுவில் மோதினால் தலை இடைவிடாது குலுங்கும், பார்வை மங்கும், இரைச்சல் பெருகும். மறைப்பே இல்லாத வண்டியில் தலைக்குத் தூய காற்று கிடைக்கிறது; ஆகவே பொருந்தாத தகடு, தகடு இல்லாமையைவிடத் தீயது.

இரைச்சல் சிறு குறையன்று. 100 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்துக்குள் கேட்கும் காற்றிரைச்சல் 90 டெசிபலை மிஞ்சக்கூடும். நாள் முழுவதும் இந்த அளவில் ஓட்டுவது செவிப்புலனைப் படிப்படியாகக் கெடுக்கும். இந்த இரைச்சலில் பெரும்பகுதி பொறியிலிருந்து வருவதன்று. கவசத்தைச் சுற்றிக் கிழியும் காற்றிலிருந்து வருவது.

பொதுவாகத் தகட்டின் மேல் விளிம்பு, அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் மூக்கு அல்லது வாய் மட்டத்தில் இருப்பது நல்லது எனக் கொள்ளப்படுகிறது. சாய்ந்த தகடு காற்றை மேல்நோக்கி எறிவதால், அது தலைக்கவசத்தைத் தாண்டிவிடும். கண்ணோ தகட்டுக்கு மேலாகச் சாலையை நேரடியாகக் காணும். தகட்டின் ஊடாகப் பார்க்க வேண்டியிருப்பது இரவில் ஆபத்தானது. எதிரே வரும் பேருந்தின் விளக்கொளி, தகட்டிலுள்ள ஒவ்வொரு கீறலிலும் சிதறி சாலையை மறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே இடர்ப்பாடு உண்டு. துடைக்கும் கருவி கார்க் கண்ணாடியில் உண்டு, இங்கில்லை.

உயரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே தகடு 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இதமாகவும் 180 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தொல்லையாகவும் அமையலாம். ஆகையால் நண்பர் ஒருவரின் பரிந்துரை, அவர் ஏறத்தாழ அதே உயரமும் அதே வண்டியும் உடையவராக இருந்தாலன்றிப் பயன்தராது. வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பரின் தகட்டை மாட்டி, வெறிச்சோடிய நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது மிதியடியில் சற்று எழ வேண்டும். பின்னர் சற்றுக் குனிய வேண்டும். எழும்போது இரைச்சல் குறைந்தால் தலை தூய காற்றுக்குள் சென்றுள்ளது என்று பொருள். அவருக்குக் குட்டையான தகடு ஏற்றது. குனியும்போது குறைந்தால் உயரமான தகடு தேவை.

தகட்டின் பின்னே தோன்றும் தாழ்ந்த அழுத்தமும் ஒரு காரணி. அது சுற்றிலுமுள்ள காற்றைத் தன்னுள் இழுத்து ஓட்டுநரின் முதுகைப் பின்னிருந்து தள்ளும். தகட்டின் அடியில் சிறு இடைவெளியோ துளையோ விட்டால் அவ்வழியே நுழையும் காற்று அழுத்த வேறுபாட்டைக் குறைத்து, கொந்தளிப்பைத் தணிக்கிறது. கோணத்தையும் உயரத்தையும் மாற்றத்தக்க தகடு விலை மிகுந்ததாயினும் இக்காரணத்தால் வாங்கத் தக்கது. பின்னிருக்கையில் அமர்பவரை யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஓட்டுநரின் தலையைத் தாண்டிய கொந்தளிப்பு பல வேளைகளில் அவர் முகத்தில்தான் இறங்குகிறது.

ஹேண்டில்பாரிலா, சட்டகத்திலா

பின்னர் பொருத்தும் மறைப்புகளில் பெரும்பாலானவை ஹேண்டில்பாரிலோ முன் ஃபோர்க்கிலோ கவ்வி நிற்பவை. எல்லா வண்டிக்கும் பொருந்துவதும் விலை குறைவதும் இவற்றின் நன்மைகள். ஆனால் காற்று அந்தத் தகட்டைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அத்தள்ளல் நேராகத் திசைமாற்றியைச் சென்றடைகிறது. தகட்டின் எடையும் திசைமாற்றியுடன் சேர்ந்து திரும்புவதால், வேகத்தில் முன்பகுதி ஊசலாடும் போக்கும் கூடலாம். சட்டகத்தில் பொருத்திய மறைப்பு திசைமாற்றியுடன் திரும்புவதில்லை. காற்று வண்டி முழுவதையும் தள்ளும், கையை முறுக்காது.

ஹார்லி-டேவிட்சனின் எலக்ட்ரா கிளைடு வகையில் வௌவால் சிறகு வடிவ மறைப்பு ஃபோர்க்குடன் திரும்புவதையும், ரோடு கிளைடு வகையில் மறைப்பு சட்டகத்தில் அசையாது நிற்பதையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். இந்திய எடுத்துக்காட்டு, முதல் ஹிமாலயனும் அதே பொறியுடன் 2022இல் வந்த ஸ்கிராம் 411உம். முன்னதில் விளக்கும் தகடும் சட்டகத்தைச் சார்ந்தவை. பின்னதில் விளக்கு ஃபோர்க்குடன் திரும்பும். பழைய புல்லட்டில் விளக்கும் வேகமானியும் ஃபோர்க்கின் தலையில் ஒரே கூடாக அமைந்துள்ளதால், சட்டகத்தில் மறைப்பைப் பொருத்துவதற்குத் தனித் தாங்கி செய்ய வேண்டும். பட்டறையில் இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்துச் செய்யும் தாங்கிகள், அதிர்வால் பற்றவைப்பு ஓரத்தில் விரிசல் காண்பது வழக்கம்.

முதுகுளத்தூர் – இராமேசுவரம் வழி

முதுகுளத்தூரிலிருந்து உத்தரகோசமங்கைப் பகுதியைக் கடந்து இராமநாதபுரத்தை அடைந்து, அங்கிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக இராமேசுவரம் செல்லும் தொலைவு சுமார் 100 கி.மீ. ஆகும். நிலம் முழுவதும் சமவெளி. காற்றைத் தடுக்கும் மலையோ காடோ இல்லை. இடையிடையே கண்மாய்க் கரைகளும் சீமைக் கருவேலப் புதர்களும் மட்டுமே மறைப்பாகின்றன. இவை தரும் நிழல் திடீரென முடியுமிடத்தில்தான் காற்று வண்டியை அறைகிறது. தொடர்ந்து வீசும் காற்றுக்கு உடல் பழகிவிடும், விட்டுவிட்டு வருவதற்குப் பழகாது.

தென்மேற்குப் பருவக் காலத்தில், குறிப்பாக ஆடி மாதத்தில், கடலோர மீனவர் கச்சான் என்றழைக்கும் தென்மேற்குக் காற்று இப்பகுதியில் மழையின்றி வலுவாக வீசும். ஐப்பசிக்குப் பின் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. பாம்பன் சாலைப் பாலம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்துள்ளது. ஆகவே ஆடியில் இராமேசுவரம் செல்பவருக்குக் காற்று வலப்புறப் பின்பக்கமிருந்தும், திரும்புபவருக்கு இடப்புற முன்பக்கமிருந்தும் அடிக்கிறது. வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். செல்பவருக்கு இடப்புற முன்பக்கத்தில் அடிக்கும். சாலையின் இடப்புறம் செல்லும் நம் நாட்டு வழக்கத்தில், இடப்புறத்திலிருந்து வரும் காற்று ஓட்டுநரை எதிரே வரும் ஊர்திகளின் பாதைக்குள் தள்ளுகிறது. ஆண்டின் இரு பருவங்களிலும் ஏதேனும் ஒரு திசைப் பயணத்தில் இந்நிலை தவிர்க்க முடியாதது.

1988இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 2.3 கி.மீ. நீளமுடையது. கடல்மட்டத்திலிருந்து உயர்ந்து செல்லும் அதன் நடுப்பகுதியில் காற்றுக்குத் தடையே இல்லை. அருகிலுள்ள பழைய தொடர்வண்டிப் பாலம் 1914இல் திறக்கப்பட்டு 2022 இறுதியில் மூடப்பட்டது; புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யை மீறினால் தொடர்வண்டிகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. பயணிகளோடு தொடர்வண்டி ஒன்றைக் கடல்கொண்ட 1964 திசம்பர்ப் புயலை நினைவில் கொண்டால், அந்த எச்சரிக்கை மிகையன்று என்பது புரியும்.

அதே 58 கி.மீ. காற்று, 60 கி.மீ. வேகத்தில் செல்லும் விசையுந்துக்குச் செங்குத்தாகக் குறுக்கே வீசுவதாகக் கொள்வோம். ஓட்டுநர் உணரும் கூட்டுக் காற்றின் வேகம் 83 கி.மீ. ஆகும், அது நேர் முன்னிருந்து வராமல் 44 பாகைச் சாய்வில் வருகிறது. எதிர்க்காற்றுக்கென வளைக்கப்பட்ட தகடு இந்தக் கோணத்தில் தன் வடிவத்தின் பயனை இழந்துவிடுகிறது. வண்டி நின்றிருந்தாலும்கூட அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 155 நியூட்டன். பக்கப் பரப்பு கால் சதுர மீட்டர் உள்ள மறைப்பில் இது சுமார் 4 கிலோகிராம் தள்ளலாகும். ஓடும்போது மேலும் கூடும். நான்கு கிலோ சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அது ஹேண்டில்பாரின் மேல், ஒரு நொடியில் தோன்றி மறுநொடியில் மறைவது. பாலத்தில் எதிரே வரும் பேருந்து ஒரு கணம் காற்றை மறைத்து, கடந்ததும் மீண்டும் திறந்துவிடும்போது நிகழ்வது இதுதான்.

எனவே இக்கடற்கரையில் அடிக்கடி ஓட்டுபவருக்கு, அகன்ற தகட்டைவிடக் குறுகிய, நடுத்தர உயரமுள்ள தகடே ஏற்றது. அது சட்டகத்தைச் சார்ந்து நின்றால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை தனுஷ்கோடிக்கு வந்துபோகும் வெளியூர்ப் பயணிக்கு இது அவ்வளவு பொருட்டன்று. அவர் காற்று மிகுந்த நாளில் மண்டபத்தில் தகட்டைக் கழற்றி மூட்டையில் கட்டிக்கொண்டாலே போதும். திருகியைக் கொண்டு சில நிமிடங்களில் கழற்றத்தக்க தாங்கி இவ்வகையில் பெரும் வசதி. 2017இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் இருபுறமும் கடல் இருப்பதால், காற்றுடன் மணலும் சாலைமீது பறந்து வரும். மணல் படிந்த தகட்டை உலர்ந்த துணியால் துடைப்பது அதைத் தேய்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

வெப்பம்

குளிர்நாட்டு நூல்கள் மறைப்பைக் குளிரிலிருந்து காக்கும் பொருளாகவே போற்றுகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரை வைகாசி வெயிலில் நிலைமை வேறு. உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாதல். அதற்கு ஓரளவு காற்றோட்டம் வேண்டும். மார்பை முழுமையாக மறைக்கும் தகட்டின் பின்னே அமர்ந்தவர் தேங்கிய சூட்டில் வேகுவார். மறுபுறம், 40 பாகை செல்சியசை நெருங்கும் வெங்காற்று நேரடியாக மோதுவதும் உடலை விரைவில் உலர்த்தி, நீரிழப்பை உண்டாக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவே வேண்டும். இங்கும் நடுத்தரத் தகட்டுக்கே சாதகம் அமைகிறது.

பொறிக்கும் இதே கவலை உண்டு. புல்லட், கிளாசிக், மீட்டியோர் போன்றவற்றின் பொறிகள் உருளையின் மீது படும் காற்றைப் பெரிதும் நம்பியவை. பொறியின் இருபுறமும் இறங்கும் முழு மறைப்பு அக்காற்றைத் தடுத்துவிடும். நீர்க்குளிர்ச்சியுள்ள வண்டிகளில் ஆலையே மறைப்பை வடிவமைக்கும்போது, கதிர்விப்பிக்குக் காற்று நுழையவும் வெளியேறவும் வழி வைக்கிறது. பின்னர் பொருத்தும் மறைப்பில் அந்தக் கணக்கு இருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

பொருளும் உப்பும்

ஒளிபுகும் தகடுகள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் அல்லது அக்ரிலிக்கால் ஆனவை. பாலிகார்பனேட்டு கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் விரைவில் கீறல் விழும், பூச்சு இல்லாவிடில் வெயிலில் மஞ்சளாகும், பெட்ரோல் சிந்தினால் நுண்விரிசல் விடும். அக்ரிலிக் வெயிலை நன்கு தாங்கும், தெளிவும் மிகுதி. அடிபட்டால் கூரிய துண்டுகளாக உடையும். முன்செல்லும் மணல் லாரியிலிருந்து கல் தெறிக்கும் சாலைகளில், கீறல் எதிர்ப்புப் பூச்சுள்ள பாலிகார்பனேட்டே பாதுகாப்பானது. ஒளிபுகாத உறைகளில் ஏ.பி.எஸ். நெகிழியும் கண்ணாடியிழையும் வழக்கில் உள்ளன. பேச்சில் ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழை உடைந்தாலும் ஒட்டுப்போட்டுச் சீர்செய்யத்தக்கது என்பதால் சிற்றூர்ப் பட்டறைகளுக்கு உகந்தது.

கடலோரத்தில் முதலில் கெடுவது தகடன்று, அதைத் தாங்கும் திருகாணிகளே. பாம்பன் பகுதியின் காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வருவது. வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டிய சாலைகளிலும் அவ்வாறே. துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண திருகாணி சில மாதங்களில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகில் 304 என்னும் தரத்தைவிட 316 என்னும் தரம் உப்பைச் சிறப்பாகத் தாங்கும். ஆனால் துருவேறா எஃகுத் திருகாணியை அலுமினியத் தாங்கியில் நேரடியாக முடுக்கினால், உப்புநீர் பட்டு அலுமினியம் அரிக்கப்படும். இடையில் நைலான் வாசர் வைப்பது இதைத் தடுக்கும். தகட்டின் துளைகளில் ரப்பர் புஷ் இட்டு, அளவாக முடுக்க வேண்டும். ஒற்றை உருளைப் பொறியின் அதிர்வு, இறுக முடுக்கிய துளையின் ஓரத்தில்தான் முதல் விரிசலை உண்டாக்குகிறது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி ஊர்தியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. மாற்றம் என்பது ஊர்தியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் எனவும் அப்பிரிவு விளக்குகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கழற்றத்தக்க தகடு பொதுவாகத் துணைக்கருவியாகவே கருதப்படுகிறது. உற்பத்தியாளரே தன் துணைக்கருவிப் பட்டியலில் விற்கும் தகடாயின் ஐயத்துக்கு இடம் குறைவு. முகப்பு விளக்கையும் திரும்பு விளக்குகளையும் இடம்மாற்றும் அரை, முழு மறைப்புகளின் நிலை வேறு. அவற்றைப் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. முன் எண்பலகை எக்காரணம் கொண்டும் மறையக்கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத துணைக்கருவிக்கு விபத்தில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

பொருத்திய பின்

வண்டியை நிறுத்திவைத்து ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். தகடோ தாங்கியோ பெட்ரோல் தொட்டியில் இடித்தால், அல்லது கிளட்ச் கம்பியும் முன்தடைக் குழாயும் இழுபட்டால், அந்தப் பொருத்தம் தவறானது. இழுபட்ட முடுக்கிக் கம்பி, திருப்பும்போது பொறியைத் தானே வேகம் கொள்ளச் செய்யும். இரவில் சுவரின் எதிரே வண்டியை நிறுத்தி, முகப்பு ஒளி தகட்டில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறதா என்றும் காண வேண்டும்.

முதல் பயணம் குறுகியதாகவும் காற்றில்லாத காலை வேளையிலும் அமைவது நல்லது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, முன்பகுதியில் ஊசலாட்டம் தோன்றுகிறதா எனக் கவனிக்க வேண்டும். தோன்றினால் தகட்டைத் தாழ்த்தியோ கோணத்தைச் சாய்த்தோ மீண்டும் சோதிக்கலாம், அப்போதும் நீங்காவிடில் அது அந்த வண்டிக்கு உரியதன்று. முதல் 100 கி.மீ. முடிந்ததும் எல்லாத் திருகாணிகளையும் மறுபடி முடுக்க வேண்டும். முதுகுளத்தூரிலிருந்து புறப்பட்டவருக்கு அந்தத் தொலைவு இராமேசுவரத்தில் முடிகிறது. ஆயினும் பாலத்துக்கு முன்னரே, மண்டபத்தில் நிறுத்தி அதைச் செய்வது பொருத்தமானது.